தலைவருக்கு மூன்று, சலவைக்கடைக்குப் பதினான்கு

அந்த நாளிதழின் இரண்டாம் பக்கத்து இடது மூலையைப் படித்துவிட்டுத்தான் ஊரே பல் தேய்த்தது என்றால் நம்ப மாட்டீர்கள். பல் தேய்க்க மறந்துபோய் வேலைக்குக் கிளம்பியவர்களும் உண்டு. மூலைக்குப் பெயர் ‘இன்னும் ஆகவில்லை’. எரியாத தெருவிளக்கு, மூடாத சாக்கடை, வராத தண்ணீர், தபால் நிலைய வாசலில் படுத்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாத மின்கம்பம் எல்லாம் அங்கே வரிசையாக வரும். குறை சொன்னவரின் பெயர் வராது. பெயர் போட்டால் வம்பு என்பதால் தொழிலும் தெருவும் மட்டும் போடுவார்கள்.

அந்த மூலையை எழுதியவளைக் ‘குறை மேடம்’ என்றுதான் ஊர் கூப்பிட்டது. கொண்டையில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா, மூக்கு நுனியில் எப்போது விழுமோ என்று தொங்கும் கண்ணாடி. ஆள் குள்ளம். குரல் மெல்லியது. ஆனால் நகரசபைப் பொறியாளர் அவளைத் தூரத்தில் கண்டால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். சந்து இல்லாத இடத்தில் எதிர்ப்பட்டபோது ஒரு தடவை மருந்துக்கடைக்குள் நுழைந்து, வேண்டாத மருந்தெல்லாம் வாங்கிக் குடித்தே விட்டாராம்.

மூலைக்கு ஒரு விதி இருந்தது. நாளிதழைத் தொடங்கிய பழைய முதலாளி போட்ட விதி அது. அடியில் சின்ன எழுத்தில் தினமும் அச்சாகும். ஒரு குறை உள்ளே போய்விட்டால், சொன்னவரே நேரில் வந்து ‘ஆகிவிட்டது’ என்று சொல்லும்வரை அதை எடுக்க மாட்டார்கள். எடுக்கும் அன்று, அது எப்படி ஆயிற்று, யார் செய்து கொடுத்தார்கள் என்பதையும் போடுவார்கள். அடுத்தவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா. கடைத்தெருப் பள்ளம் ஒன்று அங்கே வருடக்கணக்கில் கிடந்தது. குறை சொன்னவர் தலை நரைத்து, பேரன் எடுத்து, அந்தப் பேரனும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகுதான் மண் கொட்டினார்கள். கொட்டும்போது உள்ளே ஒரு சைக்கிளும் இரண்டு குடைகளும் ஒரு வரி வசூலிப்பவரும் கிடைத்தார்கள். வரி வசூலிப்பவர் மட்டும் கொஞ்சம் மிகை.

இப்படிச் சாக்கடையும் விளக்குமாக ஓடிக்கொண்டிருந்த மூலையில் வட்டி எப்படி நுழைந்தது என்றால், அதற்குக் காரணம் முதல் பக்கம்.

முதல் பக்கத்தை எழுதும் நிருபருக்கு ‘ஜரிகை’ என்று பெயர். எதை எழுதினாலும் ஓரத்தில் பளபளவென்று ஓர் இழை ஓட்டிவிடுவான். அவன் எழுதும் இரங்கல் செய்தியைப் படித்தால், போனவரே எழுந்து வந்து ‘இவ்வளவு நல்லவனா நான்’ என்று கேட்பார். நகரசபைத் தலைவர் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டப்போவதாகச் சொல்லி நகர வங்கியில் பெரிய கடன் வாங்கினார். அதை வெறும் செய்தியாகப் போட ஜரிகைக்கு மனசு வரவில்லை. இப்படி எழுதினான்: ‘எல்லோரிடமும் பதினான்கு சதவீதம் வட்டி கேட்கும் வங்கி, நம் தலைவரிடம் மூன்றே சதவீதம் கேட்டு அவருடைய நேர்மைக்கு மகுடம் சூட்டியிருக்கிறது. அடமானம் எதுவும் கேட்கவில்லை. தலைவரின் புன்னகையே பிணை.’

யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. முதலாளி படித்தார், தலையாட்டினார். வங்கி மேலாளர் படித்தார், நிம்மதியாகக் காபி குடித்தார். தலைவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். வாழ்நாள் முழுக்கப் பாராட்டையே படித்துப் பழகியவர்கள். எண்ணைப் பார்த்தாலும் அது அவர்களுக்குப் பூமாலையாகத்தான் தெரிந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தலைவர் ஒரு வெற்றுத் தரையில் நின்றுகொண்டு, “இங்க ஆப்பிள், அங்க உருளைக்கிழங்கு” என்று கையைக் காட்டுவதை அரை மணி நேரம் ஒளிபரப்பினார்கள். பின்னால் நின்ற ஆடு ஒன்று மட்டும்தான் முழு நிகழ்ச்சியிலும் சந்தேகத்தோடு பார்த்தது.

அதற்கு அடுத்த வாரம், பின்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் அக்கா படியேறி வந்தாள். வலது கை தோளிலிருந்து தொங்கியது. இடது கையில் அந்த முதல் பக்கம்.

“குறை மேடம் நீங்கதானே?”

“நான்தான். உக்காருங்கக்கா. என்ன, தண்ணி வரலையா?”

“தண்ணியெல்லாம் வருது. வட்டிதான் உதைக்குது.” அக்கா தாளை மேசையில் விரித்து நீவினாள். இஸ்திரி போட்டுப் பழகிய கை. தாளும் ஒரு சுருக்கமில்லாமல் படுத்துக்கொண்டது. “துணி சுத்தறதுக்கு எடுத்தேன். கண்ணுல பட்டுச்சு. இதுல போட்டிருக்கறது நெசமா?”

“பொய்யின்னு யாரும் வந்து சொல்லல.”

“அப்போ எனக்கு மட்டும் ஏன் பதினாலு?”

விஷயம் இதுதான். இத்தனை வருடம் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி இழுத்ததில் அக்காவின் தோள் தேய்ந்துவிட்டது. இனியும் அதைத் தூக்கினால் கை விளங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலால் மிதித்து அழுத்தும் நீராவி இயந்திரம் ஒன்று வாங்கினால் கடையை நடத்தலாம். இல்லாவிட்டால் கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். அதற்குத்தான் வங்கியில் கடன் கேட்டாள்.

“வீட்டுப் பத்திரம் குடுங்கறாங்க. ரெண்டு சர்க்கார் உத்தியோகஸ்தங்க ஜாமீன் கையெழுத்துப் போடணுமாம். சர்க்கார்ல எனக்குச் சட்டைங்களத்தான் மேடம் தெரியும். உள்ள இருக்கற ஆளுங்களத் தெரியாது.”

“சிரிச்சுப் பாத்தீங்களா?”

“எதுக்கு?”

“புன்னகையே பிணைன்னு போட்டிருக்கே.”

“சிரிச்சேனே. மேனேஜர் நாற்காலியப் பின்னால தள்ளிக்கிட்டார்.”

குறை மேடம் சிரித்து முடித்துவிட்டுக் கொண்டைப் பேனாவை எடுத்தாள். கைப்பேனா சாக்கடைக்கு, கொண்டைப் பேனா இழுபறி வரும் என்று தெரிந்த குறைக்கு. இதை எழுதினால் யார் யார் குதிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒருவர் வந்து உட்கார்ந்து குறை சொன்னால் எழுதுவதுதான் அவள் வேலை. எந்தக் குறையை எழுதினால் யார் முகம் சுருங்கும் என்று பார்ப்பதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கொடுத்த சம்பளமே குறைவு.

மறுநாள் காலை, தண்ணீர்க் குழாய்க்கும் தெருநாய்க்கும் நடுவில் இது வந்தது: ‘சலவைக்கடை, பின்தெரு: நகர வங்கி தலைவருக்கு மூன்று வட்டிக்கு, அடமானமில்லாமல் கடன் கொடுத்தது. எனக்குப் பதினான்கு, வீட்டுப் பத்திரமும் வேண்டுமாம். ஒரே வங்கியில் இரண்டு வட்டி ஏன் என்று யாரும் சொல்லவில்லை.’

முதலாளி அந்த மூலையை அச்சுக்கு முன்னால் படிக்கும் வழக்கமே இல்லை. சாக்கடையைப் படித்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அன்று தொலைபேசி வந்த பிறகுதான் படித்தார். படித்த கையோடு அவளைக் கூப்பிட்டார். ஆசிரியர் வேலையும் அவரே பார்த்ததால் அவருக்கு இரண்டு நாற்காலிகள். கோபம் வந்தால் முதலாளி நாற்காலியிலிருந்து ஆசிரியர் நாற்காலிக்கு மாறி உட்காருவார்.

“இது என்னம்மா?”

“குறை சார்.”

“குறைன்னா விளக்கு, குழாய். இது கடன்.”

“அந்த அக்காவுக்கு இதுதான் குறை.”

“தலைவர் போன் பண்ணார். நகரசபை விளம்பரம் எல்லாம் நமக்கு யார் தயவுல வருதுன்னு தெரியுமா தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்போ எடுத்துடு.”

“அந்த அக்கா வந்து ஆயிடுச்சுன்னு சொன்னா எடுத்துடறேன்.”

“நான் சொல்றேன், எடு.”

“சரி சார். அப்போ கீழ உங்க அப்பா போட்ட விதியையும் சேத்து எடுத்துடலாமா? ரெண்டையும் எடுத்தா இடம் கச்சிதமா வரும்.”

முதலாளி சுவரில் தொங்கிய அப்பாவின் படத்தைப் பார்த்தார். பழைய முதலாளி படத்தில்கூட முறைத்துக்கொண்டிருப்பவர். படம் எடுத்தவரிடம் என்ன குறை கண்டாரோ.

“தலைவர் மனசு நோகுதும்மா,” என்று இறங்கி வந்தார்.

“மூணு வட்டின்னு முதல்ல போட்டது நாமதானே சார். அது நெசம்னா இது குறை. இது குறை இல்லன்னா அது பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க, நாளைக்குத் திருத்தம் போட்டுடலாம்.”

முதலாளி இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்.  கடைசியில், அவளுடைய மேசையை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து மாடிப்படிக்கு அடியில் போடச் சொன்னார். அங்கே காகித உருளைகளும் கரப்பான்பூச்சிகளும் குடியிருந்தன. விளக்கு எரியவில்லை. குறை மேடம் போய் உட்கார்ந்தாள். மறுநாள் மூலையில் ஒரு வரி கூடுதலாக வந்தது: ‘நாளிதழ் அலுவலகம், மாடிப்படி அடி: விளக்கு எரியவில்லை.’ அன்று வந்த பால்காரர் முதல் வருமான வரிக்காரர் வரை எல்லோரும் “விளக்குப் போட்டாச்சா?” என்று முதலாளியைக் கேட்டார்கள். மதியத்துக்குள் முதலாளியே முக்காலி மேல் ஏறி விளக்கை மாட்டினார்.

சலவைக்கடை வரி மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டே இருந்தது.

தொலைக்காட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘சலவைக்கடைக்குப் பின்னால் யார்?’ என்று ஒரு விவாதம் வைத்தார்கள். ஒளிப்பதிவாளரும் கடமை தவறாமல் கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவை யாருடைய சட்டைகள், எந்தக் கட்சிக்காரர் இப்படிக் காலர் வைப்பார் என்று நான்கு பேர் உட்கார்ந்து உயிரைக் கொடுத்துப் பேசினார்கள். வட்டி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. நடுவில் ஒருவர் வாய் தவறிச் சொல்லப்போனபோது விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

தலைவர் தரப்பு அடுத்த காயை வேறு கட்டத்தில் நகர்த்தியது. குறை மேடத்தின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரே ஒரு கார். அதில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக். அதை மிதித்துப் பழகிய வலது கால் வீட்டில் சாப்பிடும்போதும் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். மனைவி வேகமாகப் பேசினால் இன்னும் அழுத்தும். அவர் பாடம் நடத்தியது நகரசபை மைதானத்தில். ஒரு நாள் மதியம், வேளை கெட்ட வேளையில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“மைதானத்துக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க.”

“எதுக்காம்?”

“புல் வளக்கப் போறாங்களாம்.”

“அங்க கல்லுதானே வளரும்.”

“அதத்தான் காவக்காரர்கிட்ட கேட்டேன். காதுல சொன்னார். உங்க வீட்டுல ஒரு வரிய எடுத்தா நாங்க பூட்ட எடுப்போம்னு.”

அவள் தட்டை எடுத்து வைத்தாள். குழம்பை ஊற்றினாள். ஊற்றியதே மறந்து இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் என்னத்தச் சொல்றது.” அவர் சோற்றைப் பிசைந்தார். “பயந்துபோய் நடுரோட்டுல பிரேக்க அழுத்தாத, பின்னால வர்றவன் இடிப்பான்னு தெனம் பத்துப் பேருக்குச் சொல்லிக்கிட்டுத் திரியறேன். வீட்டுக்கு வந்து மாத்திச் சொன்னா எனக்கே நல்லா இருக்காது. நீ போய்க்கிட்டே இரு. ரிவர்ஸ் மட்டும் எடுக்காத.”

அவர் அதற்குப் பிறகு கடைத்தெருச் சந்தில் பாடம் நடத்தினார். ஒரு பக்கம் காய்கறி வண்டி, இன்னொரு பக்கம் கறுப்பு எருமை, நடுவில் கைக்குட்டை அளவு சாலை. அங்கே கற்றுக்கொண்டவர்கள் ஊசிக் காதில் காரை விட்டு மறுபக்கம் எடுத்துவிடுவார்கள் என்று பேராகிவிட்டது. பேர் வந்ததே ஒழிய ஆள் குறைந்தது. எருமைக்குப் பயந்து பாதிப் பேர் வரவில்லை. வீட்டு வாடகை தள்ளிப்போயிற்று. வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். குறை மேடம் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, தவணை கேட்டு வாங்கினாள். பிறகு வழக்கம்போல வேலைக்குப் போய், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, சலவைக்கடை வரியை இன்னொரு தடவை எழுதினாள்.

அப்புறம் ஒரு நாள் சலவைக்கடை அக்கா வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை. காகித உருளையில் சாய்ந்துகொண்டு, கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், மூணு வட்டிக்கே தர்றாங்களாம்.”

குறை மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். “பத்திரம்?”

“வேணாமாம். ஜாமீனும் வேணாமாம். மேனேஜரே கடை வாசல்ல வந்து நின்னார். துணி போடத்தான் வந்திருக்கார்னு நான் கைய நீட்டிட்டேன்.” அக்கா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “ஒண்ணே ஒண்ணு. இங்க வந்து ஆயிடுச்சுன்னு சொல்லிடணுமாம்.”

மாடியில் யாரோ நடக்கும் சத்தம் தலைக்கு மேல் போய் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இத்தனை நாள் பிடித்து நின்ற பிடி, கணவரின் மைதானம், தள்ளிப்போன வாடகை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

“நீங்க வேணாம்னா நானும் வேணாம்னுடறேன் மேடம். உங்க வீட்டுக்காரரப் பத்தியும் கேள்விப்பட்டேன். எனக்குச் சோறு இறங்கல.”

“கையத் தூக்குங்கக்கா.”

“எந்தக் கைய?”

“வலது கைய.”

அக்கா தூக்கினாள். இடுப்புக்கு மேல் அது வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றாள்.

“போதும், இறக்குங்க. போய் வாங்கிக்கோங்க,” என்றாள் குறை மேடம். “பிடிவாதம் என்னோடது. தோள் உங்களோடது. என் பிடிவாதத்த உங்க தோள்ல தூக்கி வைக்க மாட்டேன்.”

“கோவமா?”

“கோவந்தான். உங்க மேல இல்ல. சரி, எப்படி ஆச்சுன்னு விவரமாச் சொல்லுங்க. அதையும் போடணும்ல.”

அக்கா சொன்னாள். குறை மேடம் சொன்னதைச் சொன்னபடி எழுதினாள்: ‘சலவைக்கடை, பின்தெரு: ஆயிற்று. தலைவருக்குக் கொடுத்த அதே மூன்று வட்டிக்கு, பத்திரமும் ஜாமீனும் கேட்காமல், மேலாளரே கடைக்கு வந்து கடன் தருவதாகச் சொன்னார்.’

செய்தி மாடிக்கு எட்டியதும் முதலாளி எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த அலுவலகத்தில் அவர் காசில் தேநீர் வந்தது அதுதான் முதல் தடவை. சிலர் குடிக்கப் பயந்து முகர்ந்து பார்த்தார்கள்.

“இத மூலைல போட்டா யாரும்மா பாப்பாங்க? முதல் பக்கத்துல போடு. பெருசா.”

“முதல் பக்கத்துல போட்டா நாளைக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா சார்?”

“தலைவர் சந்தோஷப்படுவார்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம். சந்தோஷமா இருப்பார்.”

“சரி சார்,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். ஒரு தடவை எச்சரித்தாயிற்று. கெஞ்சுவது அவள் பழக்கத்தில் இல்லை.

ஜரிகை தன் கைவரிசையைக் காட்டினான். ‘தலைவரின் தாயுள்ளம்: ஏழைச் சலவைக்கடைக்கும் அதே மூன்று வட்டி. பத்திரம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம்.’ பக்கத்தில் தலைவரின் சிரித்த படம்.

மறுநாள் நகர வங்கிக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். வரிசை முன்வாசலில் தொடங்கி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, வங்கியின் பின்வாசலிலேயே வந்து முடிந்தது. அதனால் மேலாளருக்கு முன்வாசலைப் பூட்டியும் பயன் இல்லை, பின்வாசல் பக்கம் வெளியேறவும் வழி இல்லை. ஆளாளுக்குக் கையில் முதல் பக்கம். எல்லோர் முகத்திலும் புன்னகை. பிணைக்காகக் கொண்டு வந்தது. மேலாளர், “அது விசேஷ ஏற்பாடு, எல்லாருக்கும் இல்ல,” என்றார். “ரெண்டு பேருக்கு மட்டும் ஏன்?” என்று ஒரு தையல்காரர் கேட்டார். மேலாளர் பதில் தேடி மேசைக்கு அடியில் குனிந்தவர், அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

கூட்டம் அப்படியே திரும்பி நாளிதழ் அலுவலகத்துக்கு வந்தது. குறை மேடம் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, கொண்டைப் பேனாவை எடுத்தாள்.

“ஒருத்தர் ஒருத்தரா வாங்க. தொழில், தெரு, குறை.”

தையல்காரர் சொன்னார். பஞ்சர் ஒட்டுபவர் சொன்னார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், கரும்பலகையில் எழுதுவது போலக் காற்றில் எழுதிக் காட்டிச் சொன்னார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருவர் வந்தார். பார்த்தால், தலைவரின் சொந்த ஓட்டுநர்.

“நீங்களுமா அண்ணே?”

“பைக் லோன் மேடம். பதினாலு.”

“உங்க முதலாளிகிட்டயே கேக்கலாமே.”

“கேட்டேன். வங்கி விஷயத்துல தலையிட மாட்டேன்னுட்டார்.”

மாலைக்குள் மூலை நிரம்பி வழிந்தது. முதலாளி படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “எல்லாரும் ஒரே விஷயத்தத்தானே சொல்றாங்க. ‘பலர்’னு ஒரு வரியில முடிச்சுடும்மா.”

“பலர்னு யாரும் வரல சார். ஒவ்வொருத்தராத்தான் வந்தாங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் நாளைக்குத் தன் வரி வந்திருக்கிறதா என்று ஒரு பிரதி வாங்கப்போகிறவர். அப்போது மாடியில் தொலைபேசி அடித்தது. அவரே ஏறிப் போய் எடுத்தார். கதவு திறந்திருந்ததால் கீழே எல்லோருக்கும் கேட்டது. “வணக்கம் தலைவரே… ஆமா தலைவரே… எங்க அப்பா வச்ச விதி தலைவரே, என் கையில இல்ல… விளம்பரமா? அது உங்க இஷ்டம் தலைவரே.” வைத்துவிட்டு வந்தபோது அவர் சட்டை முதுகு நனைந்திருந்தது. மறுநாள் இரண்டாம் பக்கம் முழுவதும் ‘இன்னும் ஆகவில்லை’. அதற்கு மறுநாள் மூன்றாம் பக்கத்துக்கும் இறங்கியது. நகரசபை விளம்பரம் நின்றது. விற்ற பிரதியைப் பார்த்த முதலாளி, நின்றதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

வங்கியின் நிர்வாகக் குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. வெளியே வந்த மேலாளர் நேராக மாடிப்படிக்கு அடியில் வந்து, முக்காலியில் உட்கார்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

“இனிமே எல்லாருக்கும் ஒம்பது மேடம். பழைய கடன், புதுக் கடன், பெரியவர், சின்னவர், எல்லாருக்கும். இதப் போட்டுட்டு அந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்துடுங்க.”

“தலைவருக்கும் ஒம்பதா?”

“எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான்.”

“அடமானம்?”

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “அவர்கிட்டயும் கேட்டிருக்கோம்.”

குறை சொன்னவர்கள் ஒவ்வொருவராக வந்து ‘ஆயிற்று’ சொல்லிவிட்டுப் போனார்கள். பஞ்சர் ஒட்டுபவர் வந்தார், டீச்சர் வந்தார். ஓட்டுநர் இந்தத் தடவை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பக்கம் சுருங்கி மறுபடி மூலையாயிற்று. எல்லாம் முடிந்தது என்று முதலாளி மூச்சு விட்ட நேரத்தில் சலவைக்கடை அக்கா படபடவென்று வந்து நின்றாள்.

“என்ன மேடம் இது, எனக்கு மூணு ஒம்பதாயிடுச்சு.”

“ஆமாக்கா. எல்லாருக்கும் ஒம்பது.”

“நல்லா இருக்கு உங்க நியாயம். நல்லா இருந்தவளுக்கு வட்டிய ஏத்திவிட்டுட்டீங்க.” முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஆனால் அவள் கை மேசை மேல் லேசாக ஏறி உட்கார்ந்துகொண்டது. புது இயந்திரம் வந்து சில வாரம் ஆகியிருந்தது. “சரி போகட்டும், பதினாலுக்கு ஒம்பது தேவலை. நேத்தே கூப்பிட்டு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. தலைவர் போட்டாச்சான்னு கேட்டேன். வெளியூர் போயிருக்காராம்.”

“எப்ப வருவாராம்?”

“தெரியாதாம். என் சட்டைங்க சொல்லுது, அவரு இங்கதான் இருக்கார். தெனம் அவர் வீட்டுத் துணி நான்தானே போடறேன். வெளியூர் போன மனுஷன் இங்க எப்படிச் சட்டைய அழுக்காக்குவார்?”

குறை மேடத்தின் கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. “எழுதவா?”

“எழுதுங்க.”

‘சலவைக்கடை, பின்தெரு: புது வட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தலைவர் இன்னும் போடவில்லை. அவருடைய சட்டைகள் மட்டும் ஊரில் இருக்கின்றன.’

அந்த ஒற்றை வரி தனியாக மூலையில் நின்றது. மற்றதெல்லாம் சாக்கடையும் விளக்கும். தலைவரைக் கண்ட இடத்திலெல்லாம் ஊர், “எப்ப வந்தீங்க வெளியூர்லேர்ந்து?” என்று கேட்டது. திறப்பு விழாவில் கேட்டார்கள், முடிவெட்டும் கடையில் கேட்டார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாராம். மைதானத்துப் பூட்டு ஒரு நாள் சத்தமில்லாமல் காணாமற்போனது. புல் ஒன்றும் முளைத்திருக்கவில்லை. குறை மேடத்தின் கணவர் போய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, எருமை இல்லாமல் மாணவர்களுக்குச் சுறுசுறுப்பே வரவில்லை என்று அலுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு மத்தியானம், தலைவர் வங்கிக்குப் போகிறார் என்று தொலைக்காட்சியில் முன்கூட்டியே சொன்னார்கள். சொன்ன விதம் இப்படி: ‘மக்களுக்காகத் தம் வட்டியைத் தாமே உயர்த்திக்கொள்ளும் தியாகத் தலைவர். நேரலை.’

குறை மேடம் அதைச் சலவைக்கடையில் நின்று பார்த்தாள். அக்கா காலால் மிதித்துக்கொண்டே பார்த்தாள். மேலிருந்து தட்டு இறங்கி, புஸ்ஸென்று ஆவி விட்டு, மறுபடி ஏறியது. திரையில் தலைவருக்கு மாலை போட்டார்கள். ஜரிகை முன்வரிசையில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். விவாதத்தில் சட்டையைப் பற்றிப் பேசிய அதே நான்கு பேர் இப்போது தியாகத்தைப் பற்றிப் பேசினார்கள்.

“பாருங்க மேடம், இவரே மனசு வந்து பண்ற மாதிரி சொல்றாங்க. வயிறு எரியுது.”

“சொல்லிட்டுப் போகட்டும்க்கா. கையப் பாருங்க.”

“எந்தக் கைய?”

“அவர் கைய. பேனா புடிச்சிருக்கார் பாருங்க.”

அக்கா மிதிப்பதை நிறுத்தினாள். மேலாளர் தாளைத் தலைவர் முன்னால் நகர்த்தினார். தலைவர் ஒளிப்பதிவாளரைப் பார்த்துச் சிரித்தார். தாளைப் பார்த்தார். மறுபடி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. குனிந்தார். ஒளிப்பதிவாளர் எதற்கோ மாலையைக் காட்டப்போய், நல்லவேளையாகத் திரும்பி வந்தார்.

“எழுதறாரா?” என்றாள் குறை மேடம். ஆவியில் கண்ணாடி மங்கியிருந்தது. கழற்றித் துடைக்கும் நேரத்தைக்கூட விட அவளுக்கு மனமில்லை.

“எழுதறார்.”

“முழுசா?”

“இருங்க.” அக்கா திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தாள். “முழுசாப் போட்டுட்டார் மேடம். கீழ கோடு கூட இழுத்துட்டார்.”